கோழியின் நெஞ்செலும்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில் பேரன், "கோழிக்கு நெஞ்சில் இவ்வளவு தசை இருந்தும் அது ஏன் தாத்தா காக்கையைப் போல் பறப்பதில்லை?" என்று கேட்டான். "முயன்றிருந்தால் அதற்கும் காலப்போக்கில் பறக்க வந்திருக்கும்" என்று நீ அவனுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் திருத்திவந்த பிழை அது என்பதால், எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோழியின் தொடைத் தசை சிவந்தும் நெஞ்சுத் தசை வெளுத்தும் இருப்பதை நீ சமையலறையில் எத்தனையோ முறை பார்த்திருப்பாய். ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நாள் முழுவதும் நடக்கும் காலில் மிகுதி, நெஞ்சில் குறைவு. அதனால்தான் நாய் துரத்தினால் கோழி படபடவென்று கூரைக்கு எழும்பிவிடுகிறது, விரைவில் களைத்தும் போகிறது. நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுத் தசையோ கருஞ்சிவப்பு.

இறக்கையைக் கீழே அடிக்கும் தசை நெஞ்சில் இருப்பது எவருக்கும் விளங்கும். மேலே தூக்கும் தசையும் முதுகில் இல்லாமல் அதே நெஞ்சில், பெரிய தசைக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. அதன் தசைநாண் தோள் எலும்புகள் கூடுமிடத்திலுள்ள துளை வழியே ஏறி, கிணற்றுச் சகடையில் கயிறு திரும்புவதைப் போலத் திரும்பி, இறக்கை எலும்பை மேற்புறமாகப் பற்றியிருக்கிறது.

இவ்விரு தசைகளும் ஊன்றிக்கொள்வதற்காக நெஞ்செலும்பின் நடுவே ஒரு முகடு எழும்பியிருக்கும். நெருப்புக்கோழிக்கு அது இல்லை. தசை புதைபடிவமாவது மிக அரிது என்றாலும், அது பற்றியிருந்த எலும்பு பாறையில் தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து 1861இல் உலகுக்குத் தெரியவந்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவை ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதற்கு இறகுகள் இருந்தன, எலும்பாலான முகடு காணப்படவில்லை. அதனால் அது பறக்கவே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. புறாவைப் போல் வலுவாக இறக்கை அடித்திருக்காது என்று கருத இடமுண்டு.

அப்படியானால் மாற்றம் எப்படி வருகிறது? மாப்பிள்ளை உடற்பயிற்சி செய்து வளர்த்த தோள்தசை பேரனுக்குப் பிறப்பிலேயே வந்துவிடாது. மாறுவது தனி உயிர் அல்ல, தலைமுறைகளின் ஊடே அதன் கூட்டம். பசிபிக் பெருங்கடலின் காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர் 1973 முதல் குருவிகளை வளையமிட்டு அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்துச் சிறு விதைகள் தீர்ந்தபின், நம் ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் கடின முள்விதைகள் எஞ்சின. சுமார் 1,200 தரைக்குருவிகள் 180 அளவுக்குக் குறைந்தன. தடித்த அலகுடையவையே பெரும்பாலும் பிழைத்தன; அவற்றின் குஞ்சுகளும் சராசரியாகத் தடித்த அலகோடு பிறந்தன. எந்தக் குருவியும் முயன்று தன் அலகைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை. 1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியதும், அடுத்து வந்த ஆண்டுகளில் சிற்றலகுக் குருவிகளின் கை ஓங்கியது.

வரும் ஞாயிறன்று முழுக்கோழியாக, நெஞ்சை வெட்டாமல் வாங்கி வா. மேல்தசையை விலக்கி, அடியிலுள்ள சிறு தசையைப் பேரன் தன் கையால் இழுக்கட்டும். இறக்கை மேலே எழும். பார்த்ததும் என்னை அழைக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா