கார்ட்டூன் பார்ப்பவர்களைப் பழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

முப்பது வயதிலும் கார்ட்டூன் பார்ப்பவர்கள் 'வளர மறுப்பவர்கள்' என்று வந்த கடிதத்தைப் படித்து மனம் வருந்தினேன்.

2007-ல் சுட்டி டிவி வந்தபோது நாங்கள் பெங்களூரு அல்சூரில் பள்ளிப் பிள்ளைகள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் வீட்டோடு சரி. அப்புறம்தான் ஜாக்கிசான் கார்ட்டூன் தொடர் தமிழ்க் குரலில் வந்தது. அதில் பன்னிரண்டு மந்திரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், ஒரு சக்தி: எருதுக்குப் பலம், முயலுக்கு வேகம், பாம்புக்குக் கண்ணில் படாமல் மறையும் சக்தி. எது பெரியது என்று தெருவில் தமிழிலேயே சண்டை போடுவோம். வீட்டில் புழங்காத எத்தனையோ தமிழ்ச் சொற்கள் எங்கள் வாயில் ஏறியது அப்படித்தான்.

இன்றும் என் தம்பி ஷிப்ட் முடிந்து வந்தால், சாப்பாட்டுத் தட்டோடு ஒரு பகுதி பார்ப்பான். பக்கத்தில் அவன் மகள். டப்பிங் குரலை முந்திக்கொண்டு வசனம் சொல்வான், அவள் திருப்பிச் சொல்வாள். அவன்தான் வீட்டுக் கடன் கட்டுகிறான், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். இதில் எது வளராத குணம்? விடிய விடிய கிரிக்கெட் பார்ப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே!

1940-ல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி தியேட்டருக்காக எடுக்கப்பட்டது. பெரியவர்களும் காசு கொடுத்துப் பார்த்த படங்கள்தான் ஏழு ஆஸ்கர் வாங்கின.

ஜாக்கிசானுக்கும் மற்றவர்களுக்கும் தமிழில் குரல் கொடுத்த கலைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதுங்கள். எங்களைப் போல ஏராளமானோர் ஆவலோடு படிப்போம்.

வாசகி,
அல்சூர், பெங்களூரு