அக்காவுக்கு, அம்மாவின் திதிக்கு முன்

அக்கா,

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் திதி. நீ போனை எடுக்கமாட்டாய். ஆனால் நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாய், தெரியும்.

இத்தாலியில், ஃப்ளோரன்ஸில் உன் மகள் கூட்டிக்கொண்டு போன அந்த அரையிருட்டு அறை கண்ணைவிட்டுப் போகவில்லை. தூவோமோ பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் எல்லாரும் வெள்ளிப் பலிபீடத்தைச் சுற்றி நிற்க, நீ மட்டும் கண்ணாடிக்குள் இருந்த துணிகளிடம் போய்விட்டாய். திருமுழுக்கு யோவானின் கதை, 27 துண்டுகள். குருமார் திருவிழாவில் உடுத்தும் அங்கிகளுக்காக 1466இல் கலிமாலா துணி வணிகர் சங்கம் செய்யச் சொன்னது. அந்தோனியோ பொல்லாயுவோலோ வரைந்து கொடுத்தார். ஃபிளாண்டர்ஸிலிருந்தெல்லாம் கைத்தையல்காரர்கள் வந்து வருஷக்கணக்கில் தைத்தார்கள்.

யோவானின் அம்மா எலிசபெத் கட்டிலில் படுத்திருக்கும் துண்டின் முன்னால்தான் நின்றாய். பொன்னிழையைப் படுக்கைவாட்டில் வரிசையாக வைத்து, மேலே வண்ணப் பட்டுநூலால் தைத்திருக்கிறார்கள். தையல் நெருங்கினால் நிழல், விலகினால் பொன் மினுங்கும். "பட்டுநூலைச் சுத்தி முலாம் பூசின வெள்ளி. நம்ம ஜரிகைதான்டி" என்றாய். அதோடு பேச்சு நின்றது.

அங்கிகள் நைந்துபோனதும் 18ஆம் நூற்றாண்டில் சித்திரங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நான்தான் சொன்னேன்.

"வெட்டினாலும் வெச்சிருந்தாங்க" என்றாய்.

அம்மாவின் கூறைப்புடவையை ஜரிகைக்கு விற்றது தப்புதான். மன்னித்துவிடு. ஆனால் மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது அக்கா. அந்த மாதம் பணம் எதற்கென்று உனக்குத் தெரியும். நம் ஆட்கள் படிப்பார்கள், இங்கே வேண்டாம். அம்மாவைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்த இரண்டு வருஷத்தில் நீ எத்தனை தடவை வந்தாய்? புடவைக்கு அழுத அழுகையில் பாதி... சரி, விடு.

அன்று வெளியே குளிரில் உன் சால்வையை என் தோளில் போட்டாய். கோபமாகத்தான் போட்டாய். ஆனாலும் போட்டாய்.

முழுப் புடவையும் போய்விட்டது என்றேன் இல்லையா? பொய். விற்பதற்கு முந்தின ராத்திரி முந்தானையை வெட்டி எடுத்துக்கொண்டேன். பீரோவில் அப்பாவின் வேட்டியில் சுற்றி இருக்கிறது. அந்த அறையில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கேட்டுவிடுவாயோ என்று பயம்.

நேற்று பாதியாகப் பிரிக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன். முடியவில்லை. முழுசாகவே உனக்கு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள். கூரியரில் அனுப்பமாட்டேன்.