டால்பினைப் பார்க்கப் படகு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த டால்பின் படகுச் சவாரிக் கட்டுரையைப் படித்தேன். படத்துக்குக் கீழே 'டால்பின் மீன்கள்' என்று போட்டிருந்தீர்கள். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி அது. சரி, பேச்சுவழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், விட்டுவிடலாம். 'கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம்' என்று எழுதியிருந்ததுதான் உறுத்துகிறது.

நான் முப்பத்தைந்து வருடம் தையல் வேலை பார்த்தவன். கண்புரை அறுவைக்குப் பிறகு கிட்டத்தில் மங்கல், தூரத்தில் தெளிவு. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கடலில் டால்பினின் முதுகுத் துடுப்பு தெரிகிறது. அதனால் தினமும் விடிந்ததும் வீட்டுக்கு எதிரே கரைமேட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். எழுதி வைக்க, மிச்சமிருந்த பழைய அளவு நோட்டு. ஒரு பக்கத்தில் யாரோ ஒருவரின் மார்பளவும் கைநீளமும், எதிர்ப்பக்கத்தில் '6.40, ஐந்து துடுப்பு, தெற்கே போகிறது.'

காற்று கிளம்புவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். அலைத்தலையில் வெள்ளை நுரை வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். முதலில் பறவைகளைக் கவனிக்கிறேன். ஆலாக்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் கீழே மீன்கூட்டம் இருக்கும், டால்பினும் அங்கே வரக்கூடும். சுறாவின் துடுப்பு தண்ணீரை நேராகக் கிழித்துக்கொண்டு போகும். டால்பினுடையது நாங்கள் நூலோட்டம் போடுகிற மாதிரி: மேலே வரும், உள்ளே போகும், கொஞ்சம் தள்ளி மறுபடி மேலே வரும். வால் படுக்கையாக இருப்பதால் மேலும் கீழுமாக அடித்துத்தான் நீந்துகிறது. கடல் அசையாமல் கிடக்கிற நாளில், கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தால் மூச்சுவிடுகிற 'ப்பூ' சத்தமே காதில் விழும்.

அவற்றில் ஒன்றின் துடுப்பில், பின் ஓரத்தில், துணியில் வெட்டுக்குறி போட்டது போல ஒரு சின்ன வெட்டு. ஆராய்ச்சியாளர்களும் இப்படிப்பட்ட வெட்டு, வடுக்களைப் படமெடுத்துத்தான் ஒவ்வொன்றாக அடையாளம் வைக்கிறார்கள். இந்த வருடம் வெட்டுக்குறிக்காரியின் விலாவை ஒட்டி ஒரு குட்டியும் வருகிறது. அவள் மூச்சுவிட்டதும் அதுவும் மேலே வந்து ஒரு மூச்சு.

போன மாதம் ஒரு நாள், இரண்டு இயந்திரப் படகுகள் நேராக அந்தக் கூட்டத்துக்குள் போயின. அதுவரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்துகொண்டிருந்தவை, அப்புறம் நான் நூறு எண்ணியும் வரவில்லை. வந்தபோது வெகுதூரம் போயிருந்தன. படகில் இருந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்தார்கள். காசு கொடுக்காத எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது!

ஹவாயில் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, பகலில் கரையோரக் குடாக்களில் இளைப்பாறுகின்றன. அந்த நேரம் பார்த்துப் படகிலும் நீந்தியும் ஆட்கள் மொய்த்ததால், 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று 2021ல் அமெரிக்க அரசு விதி போட்டது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் சுற்றுலாப் படகுகள் ஓடிய பகுதியில் டால்பின்கள் குறைந்தது ஆய்வில் தெரிந்ததும், படகு உரிமங்களை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். 'கை எட்டும் தூரம்' எழுதிய பக்கத்தில் இதற்கும் நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த முறை கரையிலிருந்து பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை போடுங்கள். விவரம் வேண்டுமென்றால் நோட்டோடு வந்து சொல்கிறேன். படம் மட்டும் கேட்காதீர்கள். நான் கைபேசியை எடுத்துத் தயாராவதற்குள் அவை உள்ளே போய்விடுகின்றன. என்னிடம் இருக்கிற நாற்பது படத்திலும் தண்ணீர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர்