கவரில எழுதாத பேர்

என்ர செல்ல மகளுக்கு,

நீ அனுப்பின பாசல் வியாழக்கிழமை வந்து சேந்துது. அம்மா உடுப்பாக்கும் எண்டு கத்தரிக்கோலோட ஓடிவந்தவ, பிரிச்சால் புத்தகம், "இது உங்களுக்குத்தான்" எண்டு தந்திட்டு அடுப்படிக்குப் போட்டா. அண்டையில இருந்து ஸ்ரூடியோ பூட்டினாப் பிறகு இதோடதான் இருக்கிறன். இங்கிலீசுக்கு மேல ஃபோனைப் பிடிச்சுப் பிடிச்சு தமிழாக்கி வாசிச்சன், எழுத்து அரைவாசிதான் விளங்கிச்சு, படம் முழுக்க விளங்கிச்சு.

இந்தப் புத்தகத்துப் படங்களை எடுத்த சூசன் மைசெலாஸ் எண்ட பொம்பிளை 1978 ஆனியில மத்திய அமெரிக்காவில இருக்கிற நிக்கராகுவாவுக்குப் போகேக்க அந்த ஊர்ப் பாசை கூடத் தெரியாதாம். நாப்பது வருசத்துக்கு மேல ஆண்ட சொமோசா குடும்பம் 1979 ஆடியில சண்டையில விழுமட்டும் எடுத்த படங்கள். 1981ல முதல் வந்த புத்தகம், 2008ல திரும்பப் போட்டு, 2016ல இன்னொருக்காப் போட்டிருக்கினம். சண்டையைக் கலரில எடுக்கிறதோ எண்டு அந்த நேரம் அவவைக் குறை சொன்னவை இருக்கினம். நான் கறுப்பு வெள்ளையில தொழில் பழகினவன், எண்டாலும் சொல்லுறன், அவ செய்ததுதான் சரி. கலரில எடுத்தபடியாத்தான் அந்தச் சனத்தின்ர சட்டையில இருக்கிற பூவும் கோடும் இண்டைக்கும் தெரியுது. ஆளை அடையாளம் காட்ட கடைசியில உடுப்புத்தானே பிள்ளை மிஞ்சுது, எங்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்ல.

அதில ஒரு படம் இருக்கு, மனாகுவா நகரத்துக்கு வெளிய ஒரு மலைச்சரிவு, பச்சைப் புல்லு, தூரத்தில தண்ணி, நல்ல வடிவான இடம், முன்னுக்குக் கிடக்கிறதை என்னால எழுதேலாது. காணாமப் போன ஆக்களைத் தேடி சனம் ஒவ்வொரு நாளும் போற இடமாம். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டேல்ல.

பழைய புத்தகத்தைத் திரும்ப அடிக்கிறதெண்டால் புது அட்டையும் கூடின விலையும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். இவ பத்து வருசம் கழிச்சு அந்தப் படங்களைக் கொண்டு திரும்பப் போய் "இது ஆர், இப்ப எங்க" எண்டு ஊரூரா விசாரிச்சிருக்கிறா. எஸ்தெலியில ஒரு பெடியன் ஒரு கையில துவக்கும் மற்றக் கையில நெருப்பு வச்ச பெப்சிப் போத்திலுமா நிக்கிற படம், அது நெருப்புப்பெட்டியில, சுவரில, போஸ்டரில எல்லாம் போச்சு, அந்தாளின்ர பேரைத் தேடிப் பிடிக்க வருசக்கணக்கு. பிறகு 2004ல 19 படத்தைப் பெரிசாக்கி, எடுத்த அதே இடங்களில தொங்கவிட்டவ. இதைக் கன நேரம் யோசிச்சன். படம் எடுத்த இடத்துக்கே திரும்பி வாறது.

எங்கட ரின் உனக்கு ஞாபகமோ? 2009 தையில தருமபுரத்தில இருந்து வெளிக்கிடேக்க நெகட்டிவ் எல்லாத்தையும் ரெண்டு பால்மா ரின்னில அடைஞ்சு, மூடியைச் சுத்தி மெழுகுதிரி உருக்கி ஊத்தி, கிணத்தடித் தென்னைக்குக் கீழ தாட்டது, நீதான் ரோச் பிடிச்சனி. மெனிக்பாம் முகாமால வந்து 2010ல கிண்டேக்க ஒரு ரின்னுக்குள்ள தண்ணி போட்டுது. ஒண்டோட ஒண்டு ஒட்டி, பிரிக்கப் பிரிக்க உருவம் எல்லாம் சளி மாதிரி கழண்டு என்ர விரலில வந்துது. மற்ற ரின் தப்பிச்சுது. பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில ஃபிளாஷ் இல்லாம முத்தத்தில வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை முகத்துக்குத் திருப்பி எடுத்த படம் எல்லாம் அதுக்குள்ளதான். ஆனா ஒவ்வொரு கவரிலயும் நான் ரசீது நம்பர் மட்டும்தான் எழுதினனான், பேர் எழுதேல்ல. ரசீதுக் கொப்பி எரிஞ்சு போச்சு. இப்ப என்ர கையில முகம் இருக்கு, பேர் இல்ல.

2017 மாசியில கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமப் போன பிள்ளையளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் தொடங்கினதில இருந்து படம் பெருப்பிக்க என்னட்ட வருவினம். தனிப்படம் இல்லாததுகள் கலியாண வீட்டு குறூப் போட்டோவைக் கொண்டு வருங்கள், மூண்டாம் வரிசையில நெல்லளவு முகம். பெருப்பிச்சால் வெறும் புள்ளி புள்ளியாத்தான் வரும், அதையும் கையில வச்சுத் தடவிப்போட்டு "ஓம் ஐயா, இவன்தான்" எண்டு கண்ணில ஒத்திக்கொண்டு போவினம். நெகட்டிவ் இருந்தால் கண்ணிமை மயிர் கூட வந்திருக்கும் மகள். அந்தப் பழுதாப்போன ரின்னை நினைச்சு அண்டைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தப் புத்தகத்தைப் பாத்தாப் பிறகு ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறன். தப்பின துண்டுகளை ஒவ்வொண்டா லைட்டில பிடிச்சு, சின்னனா அடிச்சு ஒட்டி, தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டிப் பேர் எழுதிக்கொண்டு வாறன். தெருவில தொங்கவிடுற எண்ணம் இல்ல, இங்க அது சரிவராது, ஆரின்ர வீட்டுக்கு எது போகவேணுமோ அது போனால் காணும். நீ லீவில வரேக்க ஃபிலிம் ஸ்கான் பண்ணுற மெசின் ஒண்டு கொண்டு வா, விலை கூட எண்டால் பாவிச்சதெண்டாலும் பரவாயில்ல. படங்களைப் பொதுவில போட்டிடாத, உன்னோட படிச்ச பிள்ளையளுக்குத் தனித்தனிய அனுப்பிக் கேள். இருக்கிற ஆள் எண்டால் அதின்ர விருப்பத்தையும் கேக்கவேணும், அந்தப் போத்தில் பெடியனை ஒருத்தரும் கேக்காமத்தானே நெருப்புப்பெட்டியில போட்டவை.

இதோட ஒரு படம் வட்ஸப்பில அனுப்புறன், கவர் நம்பர் 118. 2006ல பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி, நீ முன்னுக்கு நிக்கிறாய். உனக்கு இடக்கைப்பக்கம் மஞ்சள் றிபன் கட்டி, ஒரு கால்ல மட்டும் சொக்ஸ் போட்ட பிள்ளை ஒண்டு சிரிச்சுக்கொண்டு நிக்குது. அம்மா சொல்லுறா அது எங்கட வீட்டையும் வந்து கொய்யாக்காய் பிடுங்கித் திண்ட பிள்ளையாம், பேர்தான் அவவுக்கும் வரேல்ல. அது ஆர் மகள்?

அப்பா