புத்தர் பல் போன வழியில் போங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இலங்கை டூர் திட்டத்தை நானும் உங்கம்மாவும் உட்கார்ந்து படித்தோம். முதல் நாள் காலை சிகிரியா, மதியம் தம்புள்ளை, சாயங்காலம் கண்டி, மறுநாள் பொலன்னறுவை போய்விட்டு ராத்திரியே கொழும்பு. அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் "நேரமிருந்தால்" என்று போட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊருக்கு நேரமிருந்தால் என்று எப்படித்தான் எழுத மனசு வந்ததோ. போனில் சொன்னால் முழுசாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு, லீவு போடப்போகிறவர் அவர்தானே.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்த ஊர்களை அவை பிறந்த வரிசையில் பாருங்கள். முதலில் அநுராதபுரம், அப்புறம் சிகிரியா, அப்புறம் பொலன்னறுவை, கடைசியில் கண்டி. நாங்கள் அப்படித்தான் போனோம். அது என்னுடைய யோசனை இல்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு போன டிரைவர்-கைடு போட்ட வழி. "புத்தர் பல் எப்படிப் போச்சோ அப்படிப் போவோம் அம்மா" என்று உங்கம்மாவிடம் சொன்னார், அவருக்குத் தெரிந்த தமிழில். 4-ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து ஓர் இளவரசி தன் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள் என்று சொல்கிற அந்தப் பல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த நாட்டுக்கு ராஜா என்பது அங்கே நம்பிக்கை. தலைநகர் மாறினால் பல்லும் கூடவே போகும். அதன் பின்னாலேயே போனால் ஊர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மாற்றிப் போட்டுப் பார்த்தால் வெறும் இடிபாடுகள், படிக்கட்டுகள், வெயில்.

அதனால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் கொழும்புப் பக்கம் திரும்பாமல் நேரே வடக்கே அநுராதபுரத்துக்கு விடச் சொல்லுங்கள். நாலு மணி நேரம் போல ஆகும். குட்டி வேனில் தூங்கிவிடுவான்.

அநுராதபுரத்தில் ஸ்ரீ மகா போதி என்கிற அரச மரம் இருக்கிறது. கயாவில் புத்தர் உட்கார்ந்த மரத்தின் கிளையை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். சுற்றிலும் வெள்ளை உடுத்திய ஜனங்கள் மணலில் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் சத்தம் போட மாட்டார்கள். அங்கே அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிற இடம் இல்லை அது.

ஜேதவனாராமயம் என்கிற பெரிய தூபிக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். கட்டிய காலத்தில் அது சுமார் 122 மீட்டர் உயரம், கீஸாவின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்தபடியாக அன்றைய உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான் என்கிறார்கள். முழுக்கச் செங்கல். இப்போது 71 மீட்டர்தான் நிற்கிறது. மகாசேனன் என்கிற ராஜா ஆரம்பித்து, அவன் மகன் காலத்தில் முடிந்த வேலை. அந்த மகன் காலத்தில்தான் கலிங்கத்திலிருந்து பல்லும் வந்து சேர்ந்தது. எங்கள் கைடு அடிவாரத்தில் ஒரு வரிசையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நகம்கூட நுழையவில்லை. சுண்ணாம்பை அள்ளிப் பூசாமல், களிமண்ணை நைசாகக் குழைத்து மெல்லிசாகத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். நான் கட்டட வேலையைப் பார்த்தே வயதானவன், அந்தப் பூச்சைப் பார்த்து வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

எல்லாளன் கதை உனக்குத் தெரியும், சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். தமிழ் ராஜா, அநுராதபுரத்தை ஆண்டவன், சிங்கள ராஜா துட்டகைமுனுவோடு போரிட்டுச் செத்தவன். கொன்றவனே அவனுக்கு ஈமக்கடன் செய்து நினைவுச் சின்னமும் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று விதித்தான் என இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. இதை அந்த ஊர்த் தெருவில் நின்றுகொண்டு, ஒரு சிங்களக்காரர் வாயால் மரியாதையோடு கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் "எண்டிசை புகழ்தர ஈழ மண்டலமும்" என்று வரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அது பெருமையான வரி. அந்த வரிக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை அநுராதபுரத்தில்தான் பார்க்கிறோம். 993-இல் சோழப் படை வந்த பிறகு அந்த ஊர் மறுபடி தலைநகராக எழுந்திருக்கவே இல்லை. 1017-இல் ராஜேந்திரன் படை அந்த நாட்டு ராஜா ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனது, சோழ நாட்டுச் சிறையிலேயே அவன் செத்தான். கைடு இதை யாரையும் குத்திக்காட்டாமல், வருஷத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நீ குட்டிக்கு ராஜராஜன் கதை சொல்கிறபோது இதையும் சேர்த்தே சொல்லு.

அநுராதபுரத்திலிருந்து சிகிரியா போகிற வழியில் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை, கலா வாவியின் கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். எந்த டூர்காரரும் தானாக நிறுத்த மாட்டார், கேட்க வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேன ராஜா வெட்டிய ஏரி அது. அங்கிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸ வாவிக்கு 87 கிலோமீட்டர் கால்வாய் ஓடுகிறது. அதன் முதல் பகுதியில் ஒரு மைலுக்குச் சரிவு 6 அங்குலம்தான். இன்றைய லெவல் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில்! மாப்பிள்ளை இன்ஜினியர், அவருக்கு இதன் அருமை தெரியும்.

தாதுசேனனைப் பிடித்துவைத்துக்கொண்டு அவன் மகன் காசியப்பன், "சொத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்" என்று கேட்டானாம். கிழவன் அவர்களை இந்த ஏரிக்குக் கூட்டிவந்து, இறங்கிக் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, "இதுதான் என் சொத்து" என்றானாம். அப்புறம் அவனைக் கொன்றுவிட்டார்கள். எங்கள் கைடு கதையைச் சொல்லிக்கொண்டே கரைக்கல்லில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் காட்டினார், விரலிடுக்கில் ஒழுகியது. உங்கம்மா அழுதுவிட்டாள்.

இதைக் கேட்ட பிறகு சிகிரியாவில் ஏறுங்கள், அந்தப் பாறை வேறு மாதிரி தெரியும். அப்பனைக் கொன்ற காசியப்பன், தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில் மேலே அரண்மனை கட்டிக்கொண்டு 477 முதல் 495 வரை உட்கார்ந்திருந்த இடம். தம்பி வந்தான், காசியப்பன் செத்தான், தலைநகர் அநுராதபுரத்துக்கே திரும்பிவிட்டது. ஏறக்குறைய 1200 படி. காலையில் திறக்கிறபோதே வாசலில் நில்லுங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும். ஓவியங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், அதற்குக் கீழே கண்ணாடிச் சுவர் என்று சொல்கிற, மெருகு போட்ட சுவரை யாரும் நின்று பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான வருஷங்களாக வந்துபோனவர்கள் அந்த ஓவியப் பெண்களைப் பற்றி அதில் பாட்டுக் கீறிவைத்திருக்கிறார்கள். பரணவிதான என்ற தொல்லியல் அறிஞர் அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956-இல் வெளியிட்டார். உன் முழங்கால் வலிக்கிறது என்றால் பெரிய சிங்கப் பாதங்கள் இருக்கிற வாசல் வரை போய் நின்றுவிடு, பாதிக்கு மேல் பார்த்தாகிவிடும்.

பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோழர்கள் அநுராதபுரத்தை விட்டுவிட்டு இங்கேதான் உட்கார்ந்தார்கள், ஜனநாதமங்கலம் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்னமும் நிற்கிறது. அங்கே பலகையில் சிவ தேவாலய எண் 2 என்றுதான் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுச் சின்னக் கோயில் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். சுற்றிலும் இருக்கிற செங்கல் கட்டடங்களுக்கு நடுவில் அது மட்டும் அச்சு அசல் நம் ஊர்க் கற்கோயில், சுவரில் தமிழ்க் கல்வெட்டு.

1070-இல் சிங்கள ராஜா விஜயபாகு சோழர்களை விரட்டிவிட்டான். ஆனால் தலைநகரை மாற்றவில்லை, பொலன்னறுவையிலேயே பல்லுக்குக் கோயில் கட்டினான். அந்தக் கோயிலைக் காப்பாற்றுகிற பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? வேளைக்காரர் என்கிற தமிழ்ப் படைவீரர்களுக்கு. உயிர் உள்ளவரை காப்போம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்த கல் அங்கேயே நிற்கிறது, கிரந்தத்தில் ஆரம்பித்துத் தமிழில் போகிறது. ஆளுயரத்துக்கு மேல் இருக்கிற பலகைக்கல். பக்கவாட்டில் வெயில் விழுகிறபோதுதான் எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று கைடு எங்களைச் சாயங்காலம் மறுபடி கூட்டிவந்தார். "படிக்க முடியுதா ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பழைய எழுத்து பழக்கமில்லை, ஆனாலும் ஒரு "த", ஒரு "ன", ஒரு "ம" என்று கண் பிடித்துக்கொண்டே போனது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவரும் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்தக் கல்லைக் காட்டுகிறாராம், தமிழ் படிக்கிறவர் யாராவது வந்து நின்று வாசித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றார். சோழர்களைத் துரத்தியவன் கட்டிய புத்தர் கோயிலுக்குத் தமிழர்கள் காவல். இப்படி ஒன்று எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வரவில்லை பாப்பா. இதற்காகவே உங்களைப் போகச் சொல்கிறேன்.

கல் விகாரையும் அங்கேதான். ஒரே பாறையில் குடைந்த புத்தர்கள், படுத்திருப்பவர் 14 மீட்டர். தலையணையில் தலை அழுந்தி இருக்கிற இடத்தைக் கவனி, கல்லில் பஞ்சின் குழிவைக் கொண்டுவந்திருக்கிறான். பராக்கிரம சமுத்திரம் என்கிற ஏரியின் கரையில் சாயங்காலம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

பொலன்னறுவையிலிருந்து கண்டிக்கு நாலு மணி நேரம், தம்புள்ளைக் குகைகள் வழியிலேயே வரும். நடுவில் பல் பல ஊர் சுற்றியது. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில், அப்போது தலைநகராக இருந்த யாப்பகூவாவிலிருந்து பாண்டியர் படை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் பராக்கிரமபாகு என்கிற சிங்கள ராஜா குலசேகர பாண்டியனிடம் நேரில் போய்ப் பேசி மீட்டு வந்தானாம். யாப்பகூவா போவதென்றால் வரிசையை உடைத்து, முதல் நாள் அநுராதபுரம் போகிற வழியிலேயே பார்த்துவிடுங்கள், கண்டியிலிருந்து திரும்பி வருவது வீண் அலைச்சல்.

கண்டியில், பல் இப்போது இருக்கிற தலதா மாளிகையில் சாயங்காலப் பூஜைக்குப் போங்கள், கூட்டம் நெருக்கும், குட்டியைத் தோளில் வைத்துக்கொள்ளச் சொல். அங்கே கடைசியாக ஆண்ட நாலு ராஜாக்களும் நாயக்கர் வழி. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் பிரிட்டிஷார் பிடித்து நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், 1832-இல் அங்கேயே செத்துப்போனான்.

சில சின்ன விஷயங்கள். புண்ணியத் தலங்களில் செருப்பு, தொப்பி கூடாது. மத்தியானத்தில் கல் தரை கொதிக்கும், எல்லோருக்கும் கெட்டியான சாக்ஸ் எடுத்துக்கொள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது, கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியா மாதிரி சார்க் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டு, ஒரிஜினலைக் கையில் வைத்திரு. கைடு விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதே. வண்டி ஓட்டுகிறவர் வேறு, லைசென்ஸ் வாங்கிய கைடு வேறு, இரண்டும் தெரிந்தவரும் கிடைப்பார். முதலில் போனில் பேசிப் பார், வேளைக்காரர் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேள். உடனே சொன்னால் அவரையே பிடித்துக்கொள். ஷாப்பிங் எங்கே என்று அவர் ஆரம்பித்தால் வேறு ஆளைப் பார்.

எங்களோடு வந்தவர் நம்பர் உங்கம்மாவிடம் இருக்கிறது. தேதி முடிவானதும் சொல்லு, நானே அவரிடம் பேசி வைக்கிறேன். இன்னும் இரண்டு நாள் கூட்டிப் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் நீயே கேட்டுவிடு, நான் கேட்டால் அவர் மறுக்க மாட்டார், சங்கடப்படுவார்.

அன்புடன்,
அப்பா