பாப்பா, ஆரனுக்காகச் சண்டை போட ஏன் வரவில்லை?

அன்புள்ள பாப்பா,

போன வாரம் குடும்ப குரூப்பில் ‘பேஸ்பாலில் பிறந்ததிலேயே பெரிய ஹிட்டர் டெட் வில்லியம்ஸ்தான்’ என்று போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி காட்டுகிறது, ஆனால் பதில் இல்லை. உன் ஹீரோ ஹாங்க் ஆரனை இப்படி விட்டுக்கொடுக்கிற ஆளா நீ?

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள், நானும்தான் கேட்கிறேன்.

பன்னிரண்டு வயதில் சாப்பாட்டு மேஜையில் நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “3,771-இல் 755-ஐக் கழிங்கப்பா.” ஆரனின் மொத்த ஹிட் (பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸ் சேர்வது) 3,771, அதில் 755 ஹோம் ரன், அந்த ஹோம் ரன் அத்தனையையும் தூக்கிப் போட்டாலும் 3,016 ஹிட் மிச்சம் நிற்கிறது. 3,000 தொட்டவர்களே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றாய். எனக்கு வாயடைத்துப்போனது. ஆபீசில் புதிதாக யார் வந்தாலும் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறேன். கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்கள் ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளை 2024-இல் மேஜர் லீக்கோடு சேர்த்து, டை காப்பின் 0.367 ஆவரேஜுக்கு (ஆயிரம் முறை அடிக்கப் போனால் 367 ஹிட்) மேலே நீக்ரோ லீக்கின் ஜாஷ் கிப்சனுடைய 0.372 ஏறியபோது, இங்கே பாஸ்டனில் பாதி ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் போன் பண்ணி, கிப்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லையே, ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து மேஜர் லீக்கின் டாட்ஜர்ஸ் டீமுக்கு ஆடுவதற்கு மூன்று மாதம் முன்னால் 35 வயதில் போய்விட்டாரே என்று அழுதாய். அப்படி எழுப்பிவிட்டுப் பேசுகிற பிள்ளை இப்போது ‘பிஸிப்பா’ என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்? சியாட்டிலில் அப்படி என்ன பிஸி? சரி, அதை விடு.

நான் வில்லியம்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது 1941 சீசனில் அவர் எடுத்த 0.406 ஆவரேஜுக்காக மட்டும் இல்லை, அந்தக் கடைசி ராத்திரிக்காக. 1941 செப்டம்பர், சீசனில் மிச்சம் ஒரே நாள், பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டம். அவர் ஆவரேஜ் 0.39955, அதாவது முழுதாக்கினால் 0.400. வேண்டுமானால் ஆடாமல் உட்கார்ந்துகொள், 0.400 அப்படியே நிற்கும் என்றார் மேனேஜர். மாட்டேன் என்றுவிட்டு, ராத்திரி டீமின் கிளப் ஹவுஸில் வேலை பார்த்த ஆள் ஒருவரோடு அந்த ஊர்த் தெருக்களில் நடந்தார். மறுநாள் எட்டில் ஆறு ஹிட். சாக்ரிஃபைஸ் ஃப்ளையையும் (தான் அவுட்டாகி, பேஸில் நிற்பவரை ரன் எடுக்க வைக்கிற அடி) அப்போது ஆவரேஜில் அவுட் கணக்கில்தான் சேர்த்தார்கள், இன்றைய விதிப்படி பார்த்தால் 0.406 இன்னும் ஏறும். அதற்கப்புறம் மேஜர் லீக்கின் இன்றைய இரண்டு பிரிவான அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் ஒருவரும் 0.400 தொடவில்லை. அந்த ராத்திரி அவர் தனியாக நடக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நீ விடியவிடிய ஆன்லைனில் இருப்பதாக அம்மா சொல்கிறாள். தூங்கு பாப்பா, உடம்பு கெட்டால் எதுவும் ஓடாது.

வில்லி மேஸை நீ எனக்கு நினைவுபடுத்தவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். 1951-இல் மினியாபோலிஸில் மைனர் லீக்கில் 0.477 அடித்துக்கொண்டிருந்த பையனை மேஜர் லீக் டீம் ஜயன்ட்ஸ் நியூயார்க்குக்கு இழுத்து வந்தார்கள். முதல் பன்னிரண்டு முறையும் பூஜ்யம், அப்புறம் பிட்ச்சர் வாரன் ஸ்பானின் பந்தில் ஒரு ஹோம் ரன், மறுபடியும் பூஜ்யம், 26-க்கு ஒன்று என்று நின்றது. லாக்கர் முன்னால் உட்கார்ந்து அழுதார். என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், இந்த ஊர் பிட்ச்சிங் எனக்கு ஆகாது என்று மேனேஜர் டுரோஷரிடமே சொன்னார். நான் இருக்கிறவரை நீதான் சென்டர் ஃபீல்டர் என்று டுரோஷர் முடித்துவிட்டார். அந்த வருஷமே ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்) விருது, ஆடி முடிக்கும்போது மொத்தம் 660 ஹோம் ரன். டுரோஷருக்கு அவர் அழுவது தெரிந்தது, அதனால்தான் ஏதாவது சொல்ல முடிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் அந்த மனுஷன் என்ன செய்திருப்பார்?

அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. உன் படிப்புக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு ஆபீஸ் இல்லாவிட்டால் இன்னொரு ஆபீஸ். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் மேல் உனக்கு இவ்வளவுதான் நம்பிக்கையா என்று ஒரு கோபம் வருகிறது, அடுத்த நிமிஷமே போய்விடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

ஞாயிற்றுக்கிழமை உன் நேரம் காலை ஒன்பதுக்குக் கூப்பிடுவேன், எடு. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். வாடகைக்கு வைத்துக்கொள், திருப்பி அனுப்பாதே. அம்மாவுக்கும் தெரியும்.

அன்புடன்,
அப்பா