'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள்.

ஆபீசில் வீடியோ கான்பரன்ஸ் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது, வரும் புகாரெல்லாம் 'நெட் ஸ்லோ'தான், லைனைச் சோதித்தால் 100 எம்பிபிஎஸ் வேகம் காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். போன வருடம் நானும் இதே குழப்பத்தில் இருந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஜிட்சி என்ற வீடியோ கான்பரன்ஸ் மென்பொருளுக்கு சர்வர் போட்டிருந்தேன். இரண்டு பேர் பேசினால் கண்ணாடி மாதிரி தெளிவு. மூன்றாவது ஆள் நுழைந்ததும் எல்லார் படமும் கறுத்துவிடும், சத்தமும் போய்விடும். நாலு நாள் லைனின் கொள்ளளவை, அதாவது பேண்ட்வித்தையே சந்தேகப்பட்டேன். லைனை உயர்த்தித் தரச் சொல்லி முதல்வருக்குக் கடிதம்கூடக் கொடுத்தேன். விஷயம் வேறு. ஜிட்சியில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்கள் கணினிகளே நேரடியாகப் பேசிக்கொள்ளும், பியர் டு பியர். மூன்றாம் ஆள் வந்ததும் படமும் குரலும் சர்வரில் உள்ள வீடியோபிரிட்ஜ் வழியாகப் போகும்; ஒவ்வொருவரிடமும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் பகுதி அது. அதற்கு யுடிபி என்ற அனுப்பும் முறைக்கான 10000 போர்ட், அதாவது வாசல், திறந்திருக்க வேண்டும். எங்கள் நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் டிசிபி என்ற இன்னொரு முறைக்கான 443 மட்டும்தான் திறந்திருந்தது. ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. பிரிட்ஜ் என்ற சொல்லின் பொருள் முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த நாலு நாளும் பிள்ளைகள் பாடத்தை இழந்திருக்க மாட்டார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டிசிபி என்பது ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபால். ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும். யுடிபி சாதாரணத் தபால், போட்டதோடு சரி. பேச்சுக்கு இதுதான் பொருத்தம். அப்போதே வந்திருக்க வேண்டிய 'ஆமாம்' பேச்சு நகர்ந்த பிறகு வந்து என்ன பயன்?

அடுத்து, லேட்டன்சியையும் ஜிட்டரையும் ஒன்றாக்கிவிடாதே. லேட்டன்சி என்பது குரல் போய்ச்சேர ஆகும் நேரம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. கூடிப்போனால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்திவிடுவார்கள். ஜிட்டர் அந்தத் தாமதம் ஏறி இறங்குவது. நம்மூர் டவுன் பஸ் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பழகிக்கொள்ளலாம். அரை மணி ஒன்றும் வராமல் மூன்று சேர்ந்து வந்தால்தான் அவதி. வந்ததை வரிசைப்படுத்திச் சீராக விடத்தான் ஜிட்டர் பஃபர் இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் தாமதமும் கூடும், பார்த்துக்கொள். குரல் வெட்டி வெட்டி வந்து, படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் பாக்கெட் லாஸை, அதாவது வழியில் தரவுத் துண்டுகள் தொலைவதைப் பார்.

'அவர் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது அங்கே கேட்கவில்லை' என்றால், மைக்கைப் பார்த்த கையோடு, பல கணினிகள் ஒரே வெளி முகவரியைப் பகிர வைக்கும் நேட்டைப் பார். வெளியே ஒரே நம்பர், உள்ளே ஐம்பது எக்ஸ்டென்ஷன் என்று ஆபீஸ் போன் இருக்குமே, அதே ஏற்பாடுதான். வெளியே தன் முகவரி என்ன என்று கணினி கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் ஸ்டன் சர்வர். நேரே போக வழியில்லாதபோது இடையில் நின்று வாங்கிக் கொடுப்பது டர்ன் சர்வர். படமெல்லாம் அதன் வழியே போவதால் பேண்ட்வித்தை நிறையத் தின்னும். பேண்ட்வித் கவலை நியாயமாக வரும் இடம் இது.

அப்புறம், புகார் நோட்டில் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுத விடாதே. எத்தனை பேர் இருந்தார்கள், யாருக்குப் போனது, சத்தமா படமா, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள். ஒரு வாரக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பு. ஞாயிறு மாலை நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரு டெஸ்ட் கால் போட்டுப் பார்ப்போம். கண்கட்டு அவிழ்த்தாகிவிட்டால் அக்காவையும் உட்காரச் சொல், பார்த்து எத்தனை வருடமாயிற்று.

அன்புடன்,
முருகேசன்